கிறிஸ்மஸ் அப்பூப்பனுக்குச் சில்லறை எடுத்து வைங்க

கிறிஸ்மஸ் தாத்தா பரிசு கொண்டாருவாருன்னு யாருங்க சொன்னது?

எங்க திருவனந்தபுரம் தம்பானூர்ல அவரு வந்தா வாங்கிட்டுத்தான் போவாரு.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். டிசம்பர்ல இங்க பள்ளிக்கூடத்துல ஒரு பரீட்சை நடக்கும். அதுக்குப் பேரே 'கிறிஸ்மஸ் பரீட்சை'தான். அது முடிஞ்சு பத்து நாள் லீவு விட்டதும் தெருப்பிள்ளைங்க ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சிரும். ஒரு கோஷ்டி காஞ்ச புல்லு பொறுக்கி மாட்டுத்தொழுவம் கட்டும். நம்ம தமிழ்நாட்டுல குடில்னு சொல்றோம்ல, இங்க புல்கூடு. இன்னொரு கோஷ்டி கேரல் கிளம்பும்.

சாயங்காலம் இருட்டினதும் மஞ்சாலிகுளம் பக்கத்துச் சந்துல டிரம் சத்தம் கேக்கும். முன்னால நட்சத்திரம் கட்டின கம்பு. பின்னால பசங்க. நடுவுல சிவப்பு அங்கி, கன்னம் சிவந்த பிளாஸ்டிக் முகமூடி, வயித்துல தலகாணி, கையில பலூன் கட்டின குச்சியோட கிறிஸ்மஸ் அப்பூப்பன். (அப்பூப்பன்னா மலையாளத்துல தாத்தா.) கேட்டுக்குள்ள வருவாரு. ஒரு ஆட்டம் போடுவாரு. வீட்டுல கைக்குழந்தை இருந்தா அதுகிட்ட கை நீட்டுவாரு, அது வீல்னு கத்தும். ஒரே ஒரு மிட்டாய் குடுப்பாரு.

அப்புறம் பக்கத்துல நிக்கிற பையன் நோட்டைத் திறப்பான். மேல் வீட்டுக்காரங்க எவ்வளவு எழுதியிருக்காங்கன்னு நம்ம கண்ணுல படுற மாதிரி திறப்பான் பாருங்க, அதுதான் கலை.

(இப்ப சில கோஷ்டிங்க க்யூ.ஆர். அட்டையும் கொண்டு வருதுங்க. சில்லறை இல்லன்னு தப்பிச்ச காலம் முடிஞ்சுது.)

எனக்கு இந்த அப்பூப்பனை ரொம்பப் பிடிக்கும். முகமூடிக்குள்ள யாருன்னு எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும். செருப்பைப் பார்த்தே சொல்லிருதுங்க, "இது நம்ம இஸ்திரிக் கடை சேட்டன்!" தெரிஞ்சும் பயப்படும். தெரிஞ்சும் ஓடி வந்து கை குடுக்கும். யாரும் யாரையும் ஏமாத்தல.

நான் இதை எழுத உட்கார்ந்தது வேற ஒரு எரிச்சல்ல.

என் மக படிக்கிற ஸ்கூல்லருந்து (பேரு வேணாம், இன்னும் நாலஞ்சு வருஷம் அங்கதான் படிக்கணும்) பெத்தவங்க வாட்ஸாப் குரூப்புக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. ஒவ்வொரு குழந்தையும் சாண்டாவுக்கு லெட்டர் எழுதும். லெட்டர்ல கேட்டதைப் பெத்தவங்க வாங்கி, கலர் பேப்பர் சுத்தி, பேரு ஒட்டி, ரகசியமா ஆபீஸ்ல குடுக்கணும். கடைசி நாள் சாண்டா வந்து மேடையில வெச்சு விநியோகம் பண்ணுவாரு. குழந்தைக்குத் தெரியவே கூடாது. எத்தனை ரூபாய்க்குள்ள வாங்கணும்னு ஒரு வார்த்தை இல்ல.

என் மக கேட்டது பூனைக்குட்டி. உயிருள்ளது.

பூனைக்குட்டிய எப்படிங்க கலர் பேப்பர்ல சுத்துறது? சாலைக் கடைவீதியில அலைஞ்சு ஒரு பஞ்சுப் பூனை வாங்கிக் குடுத்தேன். அவ பிரிச்சுப் பார்த்துட்டு, "தாத்தாவுக்கு என் கையெழுத்து புரியல போலம்மா"ன்னு முடிச்சுட்டா. அது கூடப் பரவால்ல. ஆட்டோவுல வரும்போதுதான் விசாரணை ஆரம்பிச்சுது.

"அம்மா, அவன் ஹோம்வொர்க்கே செய்ய மாட்டான். எல்லாரையும் கிள்ளுவான். அவனுக்கு எப்படி அவ்ளோ பெரிய ரிமோட் கார்?"

"..."

"என் பக்கத்துல உட்கார்ற பிள்ளை எவ்ளோ நல்ல பிள்ளை தெரியுமா? அவளுக்கு வெறும் பென்சில் பாக்ஸ். அவ என்னம்மா தப்பு பண்ணினா?"

இதுக்கு என்ன பதில் சொல்வீங்க? நல்ல பிள்ளைக்குப் பரிசு, கெட்ட பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு கதை சொல்லி வெச்சாச்சு. பரிசோட சைஸைத் தீர்மானிக்கிறது அப்பாவோட சம்பளம். ரெண்டையும் சேர்த்தா என்ன ஆகும்? அப்பாவோட சம்பளமே பிள்ளையோட நடத்தைச் சான்றிதழ் ஆகும். அதையும் மேடை போட்டு, மைக் வெச்சுக் குடுத்தா எப்படி?

நம்ம அப்பூப்பன் பத்து ரூபா குடுத்த வீட்டுக்கும் அதே ஆட்டம்தான் ஆடுவாரு, ஐநூறு குடுத்த வீட்டுக்கும் அதே மிட்டாய்தான்.

அந்த எரிச்சல்ல ராத்திரி உட்கார்ந்து இந்தத் தாத்தாவோட பூர்வீகத்தையே தோண்டிட்டேன். (பிள்ளை தூங்கினதும் அம்மாக்கள் செய்ற உருப்படியான காரியம் இதுதான்.)

பூர்வீகம் துருக்கி. மைரா ஊர்ல, நாலாம் நூற்றாண்டுல இருந்த பிஷப் நிக்கோலஸ். அவரைப் பத்தின பிரபலமான கதை நமக்கு ரொம்பப் பரிச்சயமான கதை. ஒரு ஏழைக்கு மூணு பொண்ணுங்க, கல்யாணத்துக்கு வரதட்சணை குடுக்கப் பணமில்ல. பிஷப் ராத்திரியில யாருக்கும் தெரியாம ஜன்னல் வழியா பொன் மூட்டையைப் போட்டுட்டுப் போயிட்டாரு. காயப்போட்டிருந்த காலுறையில அது விழுந்துச்சுன்னு சொல்வாங்க. சாக்ஸ் தொங்கவிடுற பழக்கத்துக்கு இந்தக் கதையைத்தான் காட்டுறாங்க. 1087-ல இத்தாலி மாலுமிங்க அவரோட எலும்புகளைக் கிளப்பிக்கிட்டு பாரி நகரத்துக்குக் கொண்டு போயிட்டாங்க. செத்த பிறகும் மனுஷனுக்குப் பயணம் ஓயல.

அவரோட நாள் டிசம்பர் 6. ஹாலந்துப் பிள்ளைங்க அதுக்கு முந்தின ராத்திரி ஷூவை எடுத்து வெச்சு, அதுக்குள்ள அவரு குதிரைக்குக் கேரட் வெப்பாங்க. ஸ்பெயின்ல ஜனவரி 6-க்கு மூணு ராஜாக்கள் வருவாங்க, அங்க தீனி ஒட்டகத்துக்கு. எனக்கு இந்த ஏற்பாடு பிடிச்சிருக்கு. தெய்வத்துக்கு முன்னால வாகனத்தைக் கவனிக்கிறது நமக்கும் வழக்கம்தானே.

ஆனா நான் நிமிர்ந்து உட்கார்ந்தது இதுக்கப்புறம்தான். பழைய ஐரோப்பாவுல பிள்ளைங்க இந்த மாதிரி தாத்தாவுக்காகக் காத்துக்கிட்டு மட்டும் இருக்கல. நிக்கோலஸ் நாள் அன்னிக்குச் சர்ச் பாட்டுக்கோஷ்டியில ஒரு பையனைப் பிடிச்சு பிஷப் வேஷம் கட்டுவாங்க. டிசம்பர் 28 வரைக்கும் அவன்தான் பிஷப். தொப்பி, அங்கி, செங்கோல் எல்லாம் உண்டு. கூட்டாளிங்களோட தெருத்தெருவாப் போயி ஆசீர்வாதம் பண்ணி...

காசு வசூல் பண்ணுவான்!

அப்போ எங்க இஸ்திரிக் கடை சேட்டன் என்ன புதுசாவா செஞ்சுட்டாரு?

பெரியவங்க கதை இன்னும் மோசம். கிறிஸ்மஸ் சமயத்துல ஏழைப்பட்ட இளவட்டங்க கூட்டமாப் பணக்காரங்க வீட்டு வாசலுக்குப் போவாங்க. பாடுவாங்க. சாப்பாடு குடு, சாராயம் குடு, காசு குடுன்னு நிப்பாங்க. குடுத்தா வாழ்த்து, இல்லன்னா வசவு. இந்த ரகளையும் பிடிக்காமத்தான் அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்காரங்க 1659-ல கிறிஸ்மஸையே தடை பண்ணினாங்க. கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம். 1681 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்துச்சு.

அதுக்கப்புறம் நியூயார்க். ஸ்டீபன் நிசன்பாம்னு ஒரு வரலாற்று ஆசிரியர் 1996-ல 'கிறிஸ்மஸுக்கான சண்டை'ன்னு ஒரு புத்தகம் எழுதியிருக்காரு. அவரு சொல்றது இதுதான்: 1820கள்ல ஊரு பெருசாகுது, தெருவுல கூட்டம் பெருகுது, வாசல்ல வந்து கத்துற இளவட்டங்களைப் பார்த்து நியூயார்க் பணக்காரங்களுக்குப் பயம் வந்துருச்சு. பண்டிகையைத் தெருவுலருந்து எடுத்து வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டாங்க. வாசல்ல வந்து நின்ன ஏழைக்குக் குடுத்துக்கிட்டிருந்ததை இப்ப சொந்தப் பிள்ளைக்குக் குடுக்க ஆரம்பிச்சாங்க. அதுக்குத் தோதா, வாசலுக்கே வராம புகைபோக்கி வழியா இறங்குற, எதுவும் கேக்காத ஒரு தாத்தா தேவைப்பட்டாரு. 1823-ல ஒரு பத்திரிகையில பேர் போடாம வந்த பாட்டு அவருக்கு உருவம் குடுத்துச்சு. அதை எழுதினதாச் சொல்லப்படுற கிளமென்ட் மூர், மன்ஹாட்டன்ல பெரிய எஸ்டேட்டுக்குச் சொந்தக்காரர். (இதுக்கு மேல நான் என்ன சொல்ல?)

மீதியெல்லாம் அலங்காரம். தாமஸ் நாஸ்ட் 1863-லருந்து வரைஞ்ச படங்கள், 1890-ல வேஷம் கட்டித் தன் கடையிலயே சுத்தின ஜேம்ஸ் எட்கர், 1931-லருந்து கோகோ கோலா விளம்பரத்துக்கு ஹேடன் சன்ட்ப்ளம் வரைஞ்ச குண்டு கன்னம். மூக்கு சிவந்த ரூடால்ஃப் மானைக் கூட 1939-ல ஒரு சங்கிலிக்கடைக்காக அதோட ஊழியர்தான் எழுதினாரு.

ஆக, ஸ்கூல் சாண்டாவுக்கு வயசு இருநூறு. எங்க தெரு அப்பூப்பனோட குலத்தொழில் அதுக்கும் பல நூறு வருஷம் மூத்தது. நான் கட்சி மாறப் போறதில்ல.

நாகர்கோவில்காரியான எனக்கு இது புரியறதுல கஷ்டமே இல்ல. எங்க பக்கம் கேரலுக்குப் பஜனைன்னு இன்னொரு பேரு உண்டு. விடியக்காலையில கூட நடக்கும். "மக்களே, எந்திரி, பஜனை வருது"ன்னு ஆச்சி எழுப்புவா. போர்வையோட வாசலுக்கு ஓடுவோம். அப்ப பிளாஸ்டிக் முகமூடி அபூர்வம். தாத்தாவுக்கு யாரோட அம்மாவோ சிவப்பு நைட்டி குடுத்திருப்பாங்க. காலரைப் பார்த்ததும் எந்த வீட்டு நைட்டின்னு பொம்பளைங்க கண்டுபிடிச்சிருவாங்க.

இந்துப் பிள்ளைங்களுக்கும் இதுல அதிசயம் ஒண்ணுமில்ல. குலசேகரன்பட்டினத்துல தசரா வந்தா ஊரு ஊரா ஜனங்க வேஷம் கட்டுவாங்க. காளி, குறவன், போலீஸ், குரங்கு. வீடு வீடாப் போயி காணிக்கை வாங்கி முத்தாரம்மன் கோயில்ல செலுத்துவாங்க. வேஷம் கட்டினவன் வாசலுக்கு வந்தா, 'நீ யாரு, எதிர்வீட்டுப் பையன்தானே'ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அரிசி போடுவாங்க, காசு போடுவாங்க, கும்பிடுவாங்க. தெரியும், ஆனாலும் கும்பிடுவாங்க.

குடுக்கிற தாத்தாவே நம்ம பக்கம் கிடையாதான்னு கேட்டா, ஒருத்தர் இருந்தாரு. ரிங்கல்தௌபே. பிரஷ்யாக்காரர். லண்டன் மிஷனரி சொசைட்டி மூலமா 1806-ல திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில வேலை பார்த்தாரு. சம்பளம் கைக்கு வந்ததும் ஏழைங்களுக்குக் குடுத்துத் தீர்த்துருவாராம். 1816-ல ஊரை விட்டுக் கிளம்பினப்போ உடம்புல ஒழுங்கான கோட்டுகூட இல்ல, தலையில நாட்டு ஓலைத்தொப்பி. அதுக்கப்புறம் கப்பல் ஏறினவரு என்ன ஆனாருன்னு யாருக்கும் தெரியாது. சிவப்புக் கோட்டு போட்டு மேடையில ஏத்த வேண்டியதுன்னா இவரைத்தான் ஏத்தணும். ஆனா இவருக்குக் கோட்டே இல்லையே.

சரி, வேஷத்துக்கு வரேன். ஸ்கூல் விவகாரத்துக்கு மறுநாளே என் மக, "அப்போ நானும் அப்பூப்பன் ஆகணும்"ன்னு நின்னா. சந்துப் பிள்ளைங்களோட அவளும் கிளம்பட்டும்னு நானும் இறங்கிட்டேன். அனுபவப்பட்டவ சொல்றேன், கேட்டுக்கங்க.

கடை முகமூடி வேண்டாம். பார்க்க நல்லா இருக்கும், உள்ள அஞ்சு நிமிஷத்துல ஆவி பிடிச்ச மாதிரி ஆயிரும். திருவனந்தபுரம் டிசம்பர் பகல்லயும் 30 டிகிரியைத் தாண்டுற ஊரு, ஞாபகம் வெச்சுக்கங்க. கண்ணு ஓட்டை வேற பெரியவங்க அளவு. பிள்ளை வாய்க்கால்ல விழும்.

தாடிக்குப் பஞ்சை நேரா மூஞ்சியில ஒட்டுறது அதைவிட மோசம். எந்தப் பசையா இருந்தாலும் அரிக்கும், பிய்க்கும்போது அழுகை. எருக்கங்காய்ப் பஞ்சு, அதான் காத்துல பறக்குமே, இங்க பிள்ளைங்க அப்பூப்பன்தாடின்னே சொல்லும், அதை ஒட்டிப் பார்ப்போம்னு அவ ஆசைப்பட்டா. வீடு பூரா பறந்துச்சு, தாடியைத் தவிர எல்லா இடத்துலயும் ஒட்டுச்சு. கடைசியில கைகொடுத்தது கொரோனா காலத்துத் துணி மாஸ்க். அலமாரி அடியில ஒரு கட்டு கிடந்துச்சு. அதுமேல பஞ்சை வெச்சு நூலால தையல் போட்டேன். காதுல மாட்டினா தாடி. மூச்சு முட்டினா கீழ இறக்கிக்கலாம். தண்ணி குடிக்கவும் வசதி.

வயித்துக்குத் தலகாணி கட்டினா ஏழு வயசுப் பிள்ளையால நடக்கவே முடியாது. பலூன் கட்டினோம், முதல் ஆட்டத்துலயே வயிறு வெடிச்சுது. (கூடியிருந்தவங்க கை தட்டினாங்க, அது வேற விஷயம்.) பழைய துப்பட்டா ரெண்டைச் சுருட்டிக் கட்டினதுதான் நிலைச்சுது. அங்கிக்கு என் சிவப்பு நைட்டிய வெட்டினேன். குலப்பெருமை.

அவ கோஷ்டி என் வீட்டுக்கே வசூலுக்கு வந்துச்சு. நோட்டை நீட்டினது என் மக! "அம்மா, மேல் வீட்டுல நூறு குடுத்தாங்க" அப்படின்னு குரலை மாத்திப் பேசுறா. நான் ஐம்பதுதான் குடுத்தேன். இதே அப்பூப்பனுக்கு நைட்டியும் குடுத்திருக்கேன்ல.

அவளுக்குப் பஞ்சுப் பூனை கிடைச்ச அன்னிக்கு வராத சிரிப்பு வசூல் அன்னிக்கு வந்துச்சு. வசூல் காசுல பசங்க எல்லாரும் சேர்ந்து கேக்கு வாங்கினாங்க. ஹோம்வொர்க் செஞ்சவன், செய்யாதவன், எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டு. (வெட்டினது இஸ்திரிக் கடை சேட்டன். கோடு போட்ட மாதிரி வெட்டினாரு, தொழில் சுத்தம்.)

பெரியவங்களுக்கு மட்டும் சாண்டா மேல நம்பிக்கை போகலன்னு வெச்சுக்கங்களேன். டிசம்பர்ல தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கிப் பாருங்க. கேரள அரசோட கிறிஸ்மஸ், புத்தாண்டு பம்பர் லாட்டரி. சமீப வருஷங்கள்ல டிக்கெட் 400 ரூபா, முதல் பரிசு 20 கோடி. நாகர்கோவில் பஸ் பிடிக்க ஓடுறவங்க கூட நின்னு ஒரு சீட்டு வாங்கிப் பையில வெச்சுப்பாங்க. நல்லவனா கெட்டவனான்னு இந்தத் தாத்தா கேக்கிறதில்ல. 400 ரூபா இருக்கான்னு மட்டும்தான் கேப்பாரு. அந்த மட்டுக்கு ஸ்கூலைவிட நேர்மை.

ஜனவரியில பெத்தவங்க கூட்டத்துல டீச்சர்கிட்ட விஷயத்தை எடுத்தேன். சண்டையெல்லாம் இல்ல, அவங்களும் நல்லவங்கதான், மேலருந்து சொன்னதைச் செஞ்சிருக்காங்க. "அடுத்த வருஷம் லெட்டரும் வேணாம், பரிசும் வேணாம் டீச்சர். பிள்ளைங்களையே அப்பூப்பனா வேஷம் கட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு கிளாஸாப் போயிப் பாடி, ஆளுக்கு ரெண்டு ரூபா வசூல் பண்ணட்டும். கேக்கு வாங்கிச் சமமா வெட்டிக்கட்டும்"ன்னு சொன்னேன்.

அவங்க யோசிச்சுட்டு, "எல்லாக் குட்டிகளும் நான்தான் அப்பூப்பன்னு அழுதா என்ன செய்ய?" அப்படின்னாங்க.

"எல்லாருமே ஆகட்டுமே டீச்சர். 2014 டிசம்பர் 27 அன்னிக்குத் திருச்சூர்ல 18,112 பேரு சாண்டா வேஷம் கட்டி கின்னஸ் சாதனையே பண்ணினாங்களே. பூரத்துக்கு யானை நடக்கிற அதே ஸ்வராஜ் ரவுண்டுல ஆடிக்கிட்டுப் போனாங்க. உங்க கிளாஸ்ல முப்பது சொச்சம்தானே?"

டீச்சர் நோட்டுல எதையோ குறிச்சுக்கிட்டாங்க. "ஆலோசிக்காம்" (யோசிக்கலாம்) அப்படின்னாங்க.

கேரளத்துல கொஞ்ச வருஷமா இருக்கேன். 'ஆலோசிக்காம்'னா என்னன்னு எனக்குத் தெரியும். அடுத்த நவம்பர்ல மறுபடி மனு போடணும்.